குலுக்கலில் வந்த வீடு

பங்குனி 4, செவ்வாய்

வெயில். காலை எட்டுக்கே தார் ரோடு மின்னுகிறது.

முதலில் மானம் போன கதை. யாரும் படிக்கப் போவதில்லை, எழுதிவிடலாம். தோளில் பை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் பேப்பர்க் கட்டு. இப்படி ஒரு பெண் எங்கள் தெருவில் திரும்பினாள். ஊசி போட வருகிறாள் என்று நினைத்துவிட்டேன். நாற்பத்தேழு வயதுப் பொம்பளை, ஊரில் யாரையும் வாயாலேயே உரித்துத் தொங்கவிடுகிறவள், வைக்கோல் போருக்குப் பின்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுச் சரசுதான் காட்டிக்கொடுத்தது.

"பாக்கியம் அக்காவா? அந்தா, வைக்கோலுக்குள்ள செவப்புச் சேலை தெரியுதுல்ல, அதான்."

அந்தப் பெண் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். "ஊசி இல்லக்கா. கொஞ்சம் கேள்வி கேக்கணும்."

"கேள்வியா? அப்ப இங்கயே இருந்துக்கிறேன்."

சிரித்துவிட்டாள். அக்கா என்று கூப்பிட்டதற்காக ஒரு கைப்பிடி முந்திரி கொடுத்தேன். பெயர் மலர்விழி. இனி ம., கை வலிக்கிறது. திருச்சியில் பெரிய படிப்பு. கணக்குப் படிப்புதான், ஆனால் மனுஷர்களைப் பற்றிய கணக்காம். யாருக்கு யாரைத் தெரியும் என்பதைப் புள்ளியும் கோடுமாக வரைந்து பார்ப்பாளாம்.

"இதுக்குப் போயிப் படிப்பா? பஸ் ஸ்டாப்புல எங் கடையில வந்து உக்காரு. ஒரு வாரத்துல டாக்டர் ஆயிருவ."

"அதுக்குத்தான் அக்கா வந்திருக்கேன்."

தங்க இடம் கேட்டாள். சைடு ரூமைக் கொடுத்தோம். வீட்டுக்காரர் (இனி வீ.கா.) ஃபேன் ஓடுகிறதா என்று மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

அது கவிதா ரூம்.

கவிதா எங்கள் ஒரே மகள். மூன்று வருடம் முன்னால், கோட்டைப்பட்டினத்தில் படகு இன்ஜின் பார்க்கிற முருகேசனோடு சொல்லாமல் போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். அன்றிலிருந்து இந்த வீட்டில் அவள் பெயரை எடுக்கக் கூடாது, வீ.கா. உத்தரவு. நான் கடையில் நின்று போனில் பேசுகிறேன். ஊருக்கே தெரியும். அவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறார். அவருக்குத் தெரியும் என்பது தெரியாத மாதிரி நானும் இருக்கிறேன். இப்படியே மூன்று வருடக் குடித்தனம்.

இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம் பெற்ற வீட்டில்தான் ஆக வேண்டும். வளைகாப்புப் போட்டுக் கூட்டிவர அப்பன்தான் போக வேண்டும். அதற்கு அப்பன் வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் வெற்றிலைதான் தெரிகிறது.

ம. சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து எழுதினாள். பார்த்து எனக்கும் ஆசை. ஐந்தாவது வரை படித்த கை. உரக்கடையில் கொடுத்த போன வருட டைரி பரணில் கிடந்தது. அச்சடித்த தேதி ஒத்துவராது, அடித்துவிட்டு நானே போட்டுக்கொள்கிறேன்.

பங்குனி 5, புதன்

காற்றே இல்லை. இரண்டு தட்டு முந்திரி வறுத்தேன். இரண்டாவது கருகல். காரணம் ம.

கடையில் வந்து உட்கார்ந்து, வந்த வேலையை விளக்கினாள். நம் ஊரிலிருந்து கொஞ்சம் வீடுகள். வீட்டுக்கு ஒரு கவர். அது கடற்கரையில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிற ஜமீலா என்ற அம்மாவின் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

"தபால்ல போடக் கூடாதுக்கா. பேர் சொல்லிக் கூப்பிடுற அளவுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் கையில நேராக் குடுக்கணும். அவங்க, அவங்களுக்குத் தெரிஞ்சவங்க கையில. இப்பிடியே கை மாறிப் போகணும்."

"உள்ள என்ன?"

"ஒண்ணுமில்ல. வெறும் அட்டை."

"வெறும் அட்டைக்கா இம்புட்டுப் பாடு?"

"அட்டை எனக்கு வேணாம்க்கா. அது போற வழிதான் வேணும். நம்ம நெனைக்கிற மாதிரி உலகத்துல யாரும் யாருக்கும் அவ்வளவு தூரம் இல்ல. நடுவுல கொஞ்சம் கைதான். அது நெசமான்னு பாக்கணும்."

"கடற்கரையில எந்த ஊரு?"

"கோட்டைப்பட்டினம். மாவட்டத்துல இந்தக் கடைசிக்கு அந்தக் கடைசி, அதான்."

அப்போதுதான் தட்டு கருகியது.

கொஞ்ச நேரம் கழித்து, எதையும் காட்டிக்கொள்ளாமல், "எங்க வீட்டை எழுதிக்கயேன்" என்றேன்.

"முடியாதுக்கா. வீட்டை நான் தேர்ந்தெடுக்கக் கூடாது. நீங்களும் கூடாது. தானா விழணும்."

"சரி, எங் கடைக்கு வர்றவங்களை எடுத்துக்க. நல்லாப் பேசுவாங்க, வாய் ஓயாது."

"அதான் வேணாங்கிறேன். வாய் ஓயாதவங்களுக்கு ஏற்கனவே ஊரெல்லாம் பழக்கம். அவங்களை மட்டும் கேட்டா உலகம் ரொம்பச் சின்னதாத் தெரியும். பேசாத வீடும் வரணும்ல?"

புரிந்தது. முந்திரி மூட்டை வாங்க வருகிற வியாபாரியும் மேலே கிடப்பதைப் பார்த்து விலை பேச மாட்டான். கையை முழங்கை வரை உள்ளே விடுவான்.

ஆனால் எங்கள் வீடு பாதி வாய் ஓயாத வீடு, பாதி பேசாத வீடு. அதை எந்தப் பக்கம் சேர்ப்பாள், தெரியவில்லை.

ராத்திரிக்குப் பழைய சோறு, சுட்ட கருவாடு. ம. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். நல்ல பிள்ளை.

பங்குனி 6, வியாழன்

ஊர்க் கூட்டம், ஆலமரத்தடி. போன் குலுக்கி எண் எடுத்துக் கொடுக்கும், அந்த எண் உள்ள வீட்டுக்குக் கவர் என்று ம. சொன்னாள். மேலத்தெருச் செல்லையா எழுந்துவிட்டார்.

"போனு எடுக்கும்கிறியே பாப்பா, போனு யாரு பக்கம்?"

"யாரு பக்கமும் இல்லங்க ஐயா."

"யாரு பக்கமும் இல்லாதது இந்த ஊருல ஒண்ணுதான் இருக்கு. அது கோயில்ல இருக்கு."

எல்லோரும் ஆமாம் என்றார்கள். எங்கள் ஊரில் கிணறு வெட்டுவதா, பெண் கொடுப்பதா, எதுவானாலும் பூக்கட்டிப் பார்ப்பதுதான். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, அது சம்மதம். ஒன்றில் சிவப்பு, அது வேண்டாம். அம்மன் முன்னால் போட்டு ஒன்றை எடுத்தால் அதுதான் பதில். அப்பீல் கிடையாது. இதில் வீ.கா. எல்லோருக்கும் ஒரு படி மேல். மாடு வாங்கக்கூடப் பூக்கட்டிப் பார்ப்பார்.

"என்னையக் கட்டும்போது பாத்தீங்களா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பாத்தேன். வெள்ளை வந்துச்சு."

"அப்பறம்?"

"அப்பறம் ஒரு மாசம் அம்மனோட பேசல."

நானாவது பேசிச் சிரிக்க வைப்பேன். அவர் பேசாமலே வைத்துவிடுவார்.

ம. முதலில் தயங்கினாள். பிறகு கேட்டாள், "சீட்டு எல்லாம் ஒரே அளவா இருக்கணும், நல்லாக் குலுக்கணும், பாக்காம எடுக்கணும். சரியா?" பூசாரி மாணிக்கத்துக்கு ரோஷம். "அம்மன் கோயில்ல பாத்து எடுப்பாங்களா?" என்றார். முடிவு: நாளை வெள்ளிக்கிழமை, அம்மன் கோயிலில் குலுக்கல்.

பங்குனி 7, வெள்ளி

இளவெயில். கோயிலில் கூட்டம், திருவிழாவுக்குக்கூட இப்படி வந்ததில்லை.

ம. சீட்டுகளை எல்லாம் ஒரே மாதிரி வெட்டி, ஒரே மாதிரி மடித்திருந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டு எண். கோயில் பித்தளைக் குடத்தில் கொட்டினாள். பூசாரி இரண்டு சுற்றுச் சுற்றி நிறுத்தினார்.

"இன்னுங் கொஞ்சம் குலுக்குங்க ஐயா."

"போதும்மா, அவளுக்குத் தெரியாதா?"

"அவங்களுக்குத் தெரியும். எங்க காலேஜ் சாருக்குத் தெரியாது. குலுக்குங்க."

குலுக்கினார், கை கழன்றுவிடும்போல. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தார். ம. எண்ணைப் படிக்கப் படிக்க, அந்தந்த வீட்டுக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சரசு வீடு வந்தது. குலவையே போட்டுவிட்டாள். ம. முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"அம்மா, இது சாமி வாக்கு இல்லம்மா. சும்மா குலுக்கல்."

பூசாரி திரும்பினார். "சும்மான்னு யாரு சொன்னது?"

அவள் அடுத்த சீட்டைப் பிரித்தாள்.

எங்கள் வீடு வரவில்லை. கடைசிச் சீட்டு வரைக்கும் நின்றேன். வீ.கா. தூணில் சாய்ந்திருந்தார். வரவில்லை என்றதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நிம்மதியா, வருத்தமா? இவர் முதுகைப் பார்த்து ஒன்றும் படிக்க முடியாது. முன்பக்கமும் அப்படித்தான்.

பங்குனி 8, சனி

கவர் கொடுத்தாயிற்று. ஊர் படுகிற பாடு:

சரசு கவருக்கு மஞ்சள் குங்குமம் வைத்து ஊதுபத்தி காட்டினாள்.

டெய்லர் வீரப்பன் கவர் வீட்டில் இருக்கும்வரை கறி கிடையாது என்று சொல்லிவிட்டான். அவன் பெண்டாட்டி இன்றைக்கே அதை யார் கையிலாவது தள்ளிவிடச் சொல்லி நிற்கிறாள்.

கீழத்தெரு ராசாத்தி செருப்பில்லாமல் கவரைக் கந்தர்வக்கோட்டை வரை கொண்டுபோய்த் தங்கச்சியிடம் கொடுத்தாள். தார் ரோட்டில். இந்த வெயிலில்.

செல்லையா வீடு வரவில்லை. கடைக்கு வந்து என்னிடம் சண்டை. "அப்ப எங்க வீடு அம்மனுக்குத் தெரியாதா?"

"தெரியும் மாமா. அதான் வரல" என்றேன். முந்திரி வாங்காமல் போய்விட்டார். நாளை வருவார், வேறு கடை இல்லை.

ம. தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எங்க சார்ட்ட இதை எப்பிடிக்கா எழுதுறது?"

"நடந்ததை எழுது."

"நடந்ததை எழுதினா நம்ப மாட்டாரு."

மத்தியானம் கவிதா பேசினாள். கால் வீங்கியிருக்கிறதாம். காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படு என்றேன். "எப்பம்மா வருவீங்க?" என்றாள். பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டேன். பஸ் வரவில்லை.

பங்குனி 10, திங்கள்

லேசாக மேகம். ஏமாற்று மேகம்.

சீட்டில் வந்த வீடுகளில் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. குடும்பத்தோடு கோயம்புத்தூர் போய்விட்டார்கள், ஆவணிக்குத்தான் வருவார்களாம். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடலாமே என்றேன். கூடாதாம், அதற்கும் குலுக்கல்தான். மறுபடியும் கோயில், மறுபடியும் குடம். இந்தத் தடவை கூட்டம் இல்லை. பூசாரி, ம., செல்லையா, சரசு, நான். வீ.கா. அந்தப் பக்கமாக மண்வெட்டியோடு போனவர் நின்றார்.

பூசாரி எடுத்தார். ம. பிரித்தாள். என்னைப் பார்த்தாள்.

எங்கள் வீடு.

செல்லையா சும்மா இருப்பாரா? "பாக்கியத்தோட வேலைதான் இது. குடத்துக்குள்ள கைய விட்டிருப்பா."

"எங் கை இங்கிட்டு இருக்கு மாமா, குடம் அங்கிட்டு இருக்கு. அம்புட்டு நீளக் கை இருந்தா ஒங்க பாக்கெட்டுலதான் விட்டிருப்பேன்."

வாய்தான் பேசியது. கண் வீ.கா. பக்கம். வீ.கா. மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டில் கேள்வி. குடும்பத் தலைவர்தான் பதில் சொல்ல வேண்டுமாம், எனக்கு வாய்ப்பூட்டு. அடுப்படியில் நின்றுகொண்டேன். யார் யாரோடு பேசுவீர்கள், யார் வீட்டு விசேஷத்துக்குப் போவீர்கள், எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். பிறகு வந்தது.

"கடற்கரைப் பக்கம் ஒங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா அப்பா?"

கரண்டியைக்கூட அசைக்கவில்லை நான்.

"யாரும் இல்ல."

ம. எழுதிக்கொண்டாள். கவரை நீட்டினாள். வாங்கிச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்தார். சோறு வேண்டாம் என்று வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார்.

ரசம் நன்றாக வந்திருந்தது. வீண்.

பங்குனி 11, செவ்வாய்

புழுக்கம்.

சிரிப்புச் செய்தி முதலில். சரசு கவரைத் தன் ஓரகத்தியிடம் கொடுத்தாள். ஓரகத்தி தன் அண்ணன் பெண்டாட்டியிடம். அவள் பால்காரரிடம். பால்காரர் இன்று காலை பாலோடு சேர்த்துக் கவரைக் கொண்டுவந்து சரசுவிடமே கொடுத்துவிட்டார். "ஒனக்குத்தான் கடற்கரையில பெரியம்மா மக இருக்காளாமே?" என்றாராம். சரசுவுக்கே அந்த ஞாபகம் இல்லை.

ம. குதித்தாள். "இதாங்க்கா! ஒரே தெரு ஆளுங்க ஒருத்தருக்குள்ள ஒருத்தர் பின்னிக்கிட்டுக் கெடப்பாங்க. அதுக்குள்ளயே சுத்தும். வெளிய போறதுக்கு ஒரே ஒரு நூலு இருக்கும், தூரமாப் போற நூலு. அது ஒண்ணு இருந்தாப் போதும், மொத்த ஊரும் கிட்டக்க வந்துரும்."

"அந்த நூலு அறுந்துருந்தா?"

கேட்டபிறகுதான் ஏன் கேட்டேன் என்று தோன்றியது. ம. முந்திரித் தோலைக் கூட்டி அள்ளிப் போட்டாள்.

வீ.கா. பக்கம்: போர் மோட்டார் எரிந்துவிட்டது. வந்து திண்டில் உட்கார்ந்தார்.

"மோட்டார் போச்சு."

"எலி ஒயரைக் கடிச்சிருக்கும்."

"எலியில்ல."

"பின்ன, புலியா?"

சிரிக்கவில்லை. சாமிப் படத்துப் பக்கம் பார்த்தார். கவர் அங்கேயே இருக்கிறது. யாரிடமும் கொடுக்கவில்லை. தெரிந்தவர் யாரும் இல்லை என்று அம்மன் சீட்டுக்கே பொய் சொல்லியாயிற்று அல்லவா? மனுஷனுக்கு அது உள்ளே அறுக்கிறது. நான் பார்க்காத மாதிரி வெங்காயம் அரிந்தேன். வெங்காயம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

பங்குனி 13, வியாழன்

காலையில் கடையில் வைத்து ம.விடம் நேராகவே கேட்டேன். அவளுக்குக் கவிதா கதை எல்லாம் தெரியும், குலுக்கல் முடிந்த அன்றே கடையில் வைத்துக் கொட்டிவிட்டேனே.

"நீயே எழுதிக்கயேன். தெரிஞ்சவங்க, மக. பேரு கவிதா. ஊரு கோட்டைப்பட்டினம். நெசந்தானே?"

"நெசந்தான் அக்கா. ஆனா அவரு சொல்லல."

"அவரு சொல்ல மாட்டாரு."

"சொல்லலைன்னா, இல்லைன்னுதான் எழுதணும். நானா ஒரு கோடு போட்டா அப்பறம் எந்தக் கோடு நெசம், எந்தக் கோடு நான் போட்டதுன்னு எனக்கே தெரியாது."

"ஒரு கோடு. ஒரே ஒரு கோடு. எம் புள்ள அங்க காலு வீங்கிக் கெடக்குறா ஆத்தா."

அவள் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் எழுதவில்லை. கோபம் வந்தது. மத்தியானத்துக்கு அவளுக்குப் பிடிக்காத பாகற்காய் வைத்தேன். வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்று வேறு கேட்டாள். பிடிவாதக்காரி. சாயங்காலம் என் மனசே கேட்காமல் பணியாரம் சுட்டுக் கொடுத்தேன்.

அவள் சொல்வதும் சரிதான். நான் எழுதச் சொன்ன கோடு பேப்பரில்தான் இருக்கும். பேப்பரா போய் மகளைக் கூட்டிவரப் போகிறது?

கடையில் இன்று ஒரு வேடிக்கையும் பேசவில்லை. செல்லையா வந்து, "ஒடம்பு சரியில்லையா பாக்கியம்?" என்று கேட்டுவிட்டு ஒரு பாக்கெட் கூடுதலாக வாங்கிக்கொண்டு போனார். இது தெரிந்திருந்தால் அடிக்கடி சும்மா இருந்திருப்பேன்.

பங்குனி 14, வெள்ளி

காலையில் காற்று, நல்ல காற்று.

வீ.கா. விடிந்ததும் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனார். பூக்கட்டிப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். வெள்ளை வர வேண்டும் என்று அடுப்பு முன்னால் நின்று வேண்டிக்கொண்டேன். வெள்ளை வந்தால் எதற்குச் சம்மதம் என்று அவர் நினைத்துக்கொண்டு எடுப்பார், அது தெரியாது. தெரியாமலே வேண்டினேன்.

திரும்பி வந்தார். நெற்றியில் திருநீறு. ம. வாசலில் கவர் போன வழிகளைப் புள்ளியும் கோடுமாக வரைந்துகொண்டிருந்தாள். எதிரே போய் நின்றார்.

"பாப்பா."

"அப்பா?"

"அன்னைக்கு ஒண்ணு சொன்னேன்ல. கடற்கரையில யாரும் இல்லைன்னு."

"ஆமா."

"அது சரியில்ல. திருத்தி எழுது."

ம. பேனாவைத் தேடினாள். காதில் சொருகியிருந்தது, ஊரெல்லாம் தேடினாள். நான் எடுத்துக் கொடுக்கவில்லை, அடுப்படியிலேயே நின்றேன்.

"யாருன்னு எழுத அப்பா?"

"மக."

"பேரு?"

தொண்டையைக் கனைத்தார். துண்டை எடுத்து வாயைத் துடைத்தார். மறுபடியும் கனைத்தார்.

"கவிதா."

மூன்று வருடம் கழித்து இந்த வீட்டுக்குள் அந்தப் பெயர். அதுவும் அவர் வாயில். பக்கத்தில் பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. அணையட்டும்.

"பூ என்ன வந்துச்சு?" என்று கேட்டேன்.

"பாக்கல. பூசாரி வரல, கோயில் பூட்டிக் கெடந்துச்சு. வாசல்ல நின்னு திருநீறு பூசிட்டு வந்துட்டேன்."

ம. விதியைச் சொன்னாள். கவரை நேராகப் போய்க் கையில் கொடுக்க வேண்டும், யாரிடமும் கொடுத்துவிடக் கூடாது. வீ.கா. "தபால்ல போடக் கூடாதா?" என்றார்.

"கூடாதுப்பா."

"கண்டக்டர்ட்ட?"

"அவங்களைத் தெரிஞ்ச ஆளு நீங்கதான?"

"ஆமா" என்றார். "நாந்தான்."

பங்குனி 15, சனி

புது வேட்டி வாங்கிவந்தார். கருகருவென்று மீசைக்கு மை. ஒன்றும் சொல்லவில்லை நான். ஒன்றும் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இன்றுதான் தெரிந்தது. முந்திரி, அதிரசம், எலுமிச்சை ஊறுகாய், எல்லாம் மஞ்சள் பையில் கட்டி வைத்தேன். கவரோடு இதையும் கொடுத்தால் கணக்குத் தப்பாகிவிடுமா என்று ம.வைக் கேட்டார். ஆகாது என்றாள்.

"நானும் வாரேன்" என்றேன்.

"சீட்டு எம் பேருக்கு" என்றார்.

பங்குனி 16, ஞாயிறு

முதல் பஸ்ஸில் ஏறிவிட்டார். புதுக்கோட்டை, அறந்தாங்கி, அங்கிருந்து கடற்கரை பஸ். கவர் சட்டைப் பையில், மேலே கை.

கடை திறந்தேன். எதிலும் மனசு நிற்கவில்லை. ஒருத்தருக்கு முந்திரிக்குப் பதில் முந்திரித் தோல் கட்டிக் கொடுத்திருக்கிறேன், திரும்பி வந்து கேட்டார். ம. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவளும் எழுதவில்லை.

மத்தியானம் போன். கவிதா. முதலில் அழுகை, பிறகு சிரிப்பு, இரண்டும் சேர்ந்து ஒன்றும் புரியவில்லை. "மூச்சு விட்டுட்டுச் சொல்லுடி" என்றேன்.

"அப்பா வந்திருக்காரும்மா. வாசல்ல வந்து நின்னாரு. நான் கதவைத் தொறந்தா, ஒரு கவரை நீட்டுறாரு. 'தெரிஞ்சவங்க கையில குடுக்கணுமாம்' அப்பிடிங்கிறாரு."

"நீ என்ன சொன்ன?"

"'என்னையத் தெரியுமா?'ன்னு கேட்டேன்."

எனக்குப் பிறந்தது எனக்குத் தப்பாமல் இருக்கிறது.

"அதுக்கு?"

"'கொஞ்சம் தெரியும்'னாரு. அப்பறம் எங் காலைப் பாத்தாரு. உக்காரு உக்காருன்னு என்னைய உக்கார வச்சிட்டு, அவரே போயிச் சொம்புல தண்ணி மோந்து குடிச்சாரு. எந்த வெள்ளிக்கெழமை வந்து கூட்டிக்கிட்டுப் போகட்டும்னு அவுகட்ட கேட்டாரும்மா. மாப்பிள்ளைன்னு கூப்பிடுறாரு. இப்ப ரெண்டு பேரும் கரையில படகு பாக்கப் போயிருக்காக."

"கவரு?"

"ஜமீலாம்மா அடுத்த தெருதான? கையோட குடுத்துட்டேன்."

ம.விடம் சொன்னேன். இரண்டே கை. நம் ஊரிலிருந்து போனதில் இதைவிடச் சுருக்கமாக எதுவும் போகவில்லையாம். கோடு போட்டாள். பிறகு கடையிலேயே என்னைக் கட்டிக்கொண்டாள். "விடுடி, கையெல்லாம் முந்திரிக்கொட்டைப் பால், தோலு உரிஞ்சுரும்" என்றேன். இரண்டு பேரும் விடவில்லை.

சாயங்காலம் ஆறு மணி பஸ். செல்லையா, சரசு, பூசாரி, பஸ்ஸுக்கு நின்ற ஏழெட்டுப் பேர், எல்லோரும் பார்க்க இறங்கினார். மேலே வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. கீழே நீலக் கட்டம் போட்ட லுங்கி. புது வேட்டி மஞ்சள் பைக்குள். அதில் பாதி பச்சை. படகுக்குக் காலையில்தான் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். இவர் அதன்மேல் உட்கார்ந்து பேசியிருக்கிறார். லுங்கி மாப்பிள்ளையுடையது.